மூன்று முறை ஊற்ற வேண்டிய குழி

கார்த்திகை பிறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அதில் பதினைந்து நாள் மழை. முதலியார்பேட்டையில் மூடிப்போன மில்லின் மதிலுக்குப் பின்னால் அப்துல் முத்தலிப் தகரக் கொட்டகை போட்டிருந்தார். மழை பிடித்துக்கொண்டால் அதற்குள் எதிரில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அன்று காலையில் விட்டிருந்தது. அதனால்தான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது அவர் மனைவி சுரையாவுக்குக் கேட்டது.

ஆட்டோவின் தலையில் ஒரு அலைச்சறுக்குப் பலகை கட்டியிருந்தது. மூக்குப் பக்கம் நீலப்பட்டை. அந்தப் பட்டையைக் காகித நாடா ஒட்டி இழுத்தவளே அவள்தான். கயிற்றை அவிழ்த்துப் பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்தவரின் தலை மொட்டையாக இருந்தது. யாரென்று சொல்லாமலே தெரிந்துவிட்டது. செம்மலின் அப்பா கோவிந்தசாமி.

காலாப்பட்டுக்கு மேற்கே அவருக்கு ஒரு காணி சவுக்கு உண்டு. பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலை. ஒரே பிள்ளை செம்மல், இருபத்தாறு வயது, வெளியூர்க்காரர்களுக்கு அலைச்சறுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். கார்த்திகை ஒன்றாம் தேதி காலையில் கடலுக்குப் போனவன் மூன்றாம் நாள் தெற்கே கரை ஒதுங்கினான். பலகை அதற்கு முன்பே, கடலரிப்புக்குப் போட்ட ஒரு கற்கொட்டலில் சிக்கிக் கிடந்தது. போலீஸ் எழுதி முடித்துவிட்டது. காரியமும் முடிந்துவிட்டது.

முத்தலிப் ஸ்டூலை இழுத்துப் போட்டார். கோவிந்தசாமி உட்காரவில்லை. பலகையைக் கட்டைகளின் மேல் வைத்துவிட்டு, அதன் வால்பக்கத்தைத் தொட்டுக்காட்டினார். அங்கே ஒரு ஓட்டை, உள்ளங்கை அகலம், ஓரமெல்லாம் பிய்ந்து.

“பாய், எனக்கு ஒன்னே ஒன்னு தெரியணும். அவன் கயித்தக் கால்ல கட்டினு போனானா, கட்டாம போனானா? இதப் பாத்தா உங்களுக்குத் தெரியுமா?”

முத்தலிப் ஓட்டையைப் பார்த்தார். அறுத்துப் பார்த்தால் தெரியலாம், ஆனால் ஏன் கேட்கிறீர்கள் என்றார்.

“அவங்கம்மா செத்துருவா போலருக்குது, அதான். அன்னிக்குக் காத்தால பொண்ணு பாக்கப் போலாம்னா. அவன் வரமாட்டேன்னான். இவ வாய் சும்மா இருக்குமா, அந்தக் கடலுக்கே போய்ச் செத்துத் தொலைன்னுட்டா. அவன் ஒன்னும் பேசாம பலகைய எடுத்துகினு போயிட்டான். வேணும்னேதான் கட்டாம போனான், நான் சொன்னதுக்குத்தான் போனான்னு சொல்லிகினே கெடக்கறா. பொணம் கெடச்சப்ப கால்ல கயிறு இல்ல. ஊருல குடிச்சிருந்தான்றாங்க. அதக்கூட தாங்கிப்பேன் பாய்.”

சுரையா டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. நாளைக்கு நானே வந்து சொல்கிறேன், நீங்கள் அலைய வேண்டாம் என்று முத்தலிப் அவரை அனுப்பிவைத்தார். டீயில் ஆடை கட்டிற்று.

அந்தக் கயிறு இல்லாமல் பலகை இல்லை. ஆள் உயரக் கயிறு, ரப்பர் மாதிரி நீளும். ஒரு முனை கணுக்காலில் பட்டையால் இறுக்கப்பட்டிருக்கும். மறு முனை பலகையின் வாலில். அலை ஆளைப் புரட்டிப் போட்டாலும் பலகை பக்கத்திலேயே மிதக்கும். பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். வாலில் அந்த முனையைக் கட்டுவதற்கு ஒரு பிளக் பதித்திருக்கும். சோடா மூடியை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் கிண்ணம், நடுவே குறுக்காக ஒரு கம்பி. ஒரு மனிதனின் எடையும் ஓர் அலையின் இழுப்பும் கடைசியில் அந்தக் கிண்ணத்தில்தான் வந்து நிற்கும்.

முத்தலிப்புக்கு இதெல்லாம் சொல்லித்தர ஆள் இருந்ததில்லை. சுனாமிக்குப் பிறகு குப்பம் குப்பமாக ஃபைபர் படகுகள் வந்து இறங்கியபோது, ஓட்டை அடைக்கும் வேலைக்குப் போனவர் அவர். ரெசின் என்கிற பசை, கண்ணாடித்துணி, உப்புத்தாள், இவ்வளவுதான் தெரியும். ஒருநாள் வெள்ளைக்காரன் ஒருவன் இரண்டாக உடைந்த பலகையைக் கொண்டுவந்து ஒட்டித்தரச் சொன்னான். ஒட்டுவதற்கு முன்னால் முத்தலிப் அதன் உடைந்த வாயை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மஞ்சள் நுரை, நடுவில் ஒல்லியாக ஒரு மரச்சட்டம், மேலே துணி இரண்டு சுற்று. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை என்று அன்று சுரையாவிடம் சொன்னார். அடுத்த மாதம் சொந்தமாக ஒன்று செய்தார். அது மிதந்தது, அலையில் வளைந்து திரும்பவில்லை. பதினோராவது பலகைதான் திரும்பியது. புதுச்சேரியில் அதற்கு முன் யாரும் பலகை செய்ததில்லை.

மஞ்சள் நுரை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். போன வருடம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மீன் அனுப்பும் ஐஸ் பெட்டி செய்கிறவர்களிடம் பெரிய தர்மாகோல் கட்டிகள் கிடைக்கின்றன. அதில் ஏன் செய்யக் கூடாது? படகு ரெசினைத் தர்மாகோலில் ஊற்றினால் வெல்லத்தில் வெந்நீர் ஊற்றின மாதிரி கரைந்துபோகும். அதனால் இபாக்சி என்கிற வேறு ரெசின் வாங்கினார். சூடான கம்பியால் கட்டியை அறுத்தார், மலைவேம்பைச் சீவிச் சட்டம் வைத்தார், துணி போர்த்தினார். பலகை எடை பாதியாயிற்று. எல்லாம் உள்ளூர்ச் சரக்கு. அப்படி வாங்கியவர்களில் செம்மலும் ஒருவன். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னா பாய், காத்துல பறந்துடுமா?” என்று சிரித்தான்.

பிளக்குக்குத்தான் சிரமம். தர்மாகோல் மணிமணியாக உதிரும். சின்னக் குழியில் பதித்தால் பிடிப்பு இருக்காது. முத்தலிப் குழியைப் பெரிதாகத் தோண்டி, துண்டு துண்டாக வெட்டிய கண்ணாடி இழையை ரெசினில் குழைத்து நிரப்பினார். பெரிய குழி என்றால் மூன்று தடவையாக ஊற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் விரல் தடிமன், இறுகிய பிறகு அடுத்தது. இபாக்சி தானே சூடேறித்தான் இறுகும். மெல்லிசாக ஊற்றினால் சூடு போய்விடும். மொத்தமாக ஊற்றினால் நடுவில் சேர்ந்துகொண்டு கொதிக்கும்.

இதை அவர் சுரையாவிடம் சொல்லியிருந்தார். கண்ணாடித்துணி வெட்டுவதும் பிளக் பதிப்பதும் அவள் வேலை. ஆனால் முத்தலிப் எதற்கும் காரணம் சொல்லுகிற மனிதர். மிக்சி ஏன் சத்தம் போடுகிறது, பருப்பு ஏன் பொங்குகிறது என்று சாப்பிடும்போதுகூடச் சொல்வார். இருபத்து மூன்று வருடம் கேட்டவளுக்கு, அவர் குரலின் ஏற்ற இறக்கத்திலேயே எது கேட்க வேண்டியது, எது கேட்காமல் தலையாட்ட வேண்டியது என்று ஒரு கணக்கு விழுந்துவிட்டிருந்தது. மூன்று தடவை ஊற்று என்பதைக் கேட்டாள். ஏன் என்பதற்குத் தலையாட்டினாள்.

கோவிந்தசாமி போனதும் முத்தலிப் கைரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஓட்டையின் நடுவாக, வாலை நெடுக அறுக்கத் தொடங்கினார். அறுக்கும்போதே வழக்கம்போல் பேச்சும் தொடங்கியது.

“இங்க பாரு சுரையா. கல்லுல மோதி ஒடஞ்சிருந்தா மேல்துணி உள்ள அமுங்கி இருக்கும். இது வெளிய பிஞ்சிருக்கு, பின்னாடிப் பக்கமா. அப்ப பின்னாலேர்ந்து எதுவோ இழுத்திருக்கு. கயித்துல கனம் இல்லாம பிளக் வராது. கட்டித்தான் இருந்திருக்கான். கயிறு கட்டாம தொங்கினா அதுபாட்டுக்கு மெதக்கும், இழுக்காது. கால்ல இருந்தது அப்பறம் கல்லுல அறுந்து போயிருக்கும். சரி, அப்ப பிளக் ஏன் வந்துச்சு? தர்மாகோல் பிச்சுகினு வந்திருந்தா குழியோட செவுத்துல மணி மணியா உதிர்ந்து...”

ரம்பம் அடிவரை போய்விட்டது. இரண்டு பாதியையும் அவர் விரித்தார்.

குழியின் சுவரில் மணிகள் இல்லை. உருகிக் குழைந்து, பிறகு இறுகிய பளபளப்பான தோல் இருந்தது, லேசாக மஞ்சளித்து. பிளக் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் தர்மாகோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்குச் சுற்றிலும் வெற்றிடம். அந்தப் பிளக் எதையும் பிடித்திருக்கவே இல்லை. மேலே போர்த்தியிருந்த துணியில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

முத்தலிப் பேச்சை நிறுத்திவிட்டார். தெரிந்த ஒன்றைக் காரணம் சொல்லாமல் அவர் விட்டது அன்றுதான் முதல் தடவை.

சுரையா அந்த மஞ்சள் தோலை விரலால் தொட்டாள். அதை அவள் ஊற்றியது ஐப்பசி இரண்டாம் வாரம். விடாத மழை. குளிரில் ரெசின் தேன் மாதிரி கெட்டியாகிவிட்டது, குழிக்குள் இறங்கவில்லை. டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கினாள். செம்மலுடையதும் சேர்த்து ஐந்து பலகை வரிசையாகக் காத்திருந்தது. முத்தலிப் அப்போது காய்ச்சலில் படுத்திருந்தார். மழைக்காலத்தில் ஒரு தடவை ஊற்றியது இறுகவே அரை நாள் ஆகிறது. மூன்று தடவை என்றால் இரண்டு நாள். படகில் இப்படி ஓட்டை அடைக்கும்போது ஒரே ஊற்றாக ஊற்றுவார்களே, அவளே கப்பு பிடித்திருக்கிறாளே. இந்தக் குளிரில் சூடாவது ஏறுவதாவது என்று ஐந்து குழியையும் ஒரே ஊற்றாக நிரப்பினாள். மறுநாள் காலையில் ஐந்திலும் ரெசின் கொஞ்சம் உள்ளே இறங்கியிருந்தது. இழைக்குள் நனைந்து இறங்கியிருக்கும் என்று நினைத்து, மேலே கொஞ்சம் ஊற்றி, தேய்த்து, துணியைப் போர்த்தினாள்.

“நான்தாங்க,” என்றாள்.

“தெரியும்.”

“மழக்குளிருல சூடு ஏறாதுன்னு...”

“வெளிக்குளிரு உள்ளாற போவாது. தர்மாகோல் எதுக்கு? ஐஸ் பொட்டி அதுலதான பண்றான். வெளிச்சூடு உள்ள போவாம, உள்சூடு வெளிய வராம...” என்று ஆரம்பித்தவர் அதையும் நிறுத்திக்கொண்டார்.

மழை மறுபடி பிடித்தது. இரண்டு பேரும் தகரத்தின் கீழ் அப்படியே நின்றார்கள். கொஞ்சம் ஓய்ந்ததும் சுரையா, கல்லில் அடித்து உடைந்தது, வேறொன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிடலாமே என்றாள். சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே தன் குரல் யாருடையதோ போல இருந்தது.

“சொல்லலாம்,” என்றார் முத்தலிப். “அப்ப அவன் கட்டாம போனான்னு ஆவும். அந்தம்மா அதுலயே போய்ச் சேந்துடும். அது ஒன்னு. இன்னொன்னு, அஞ்சு ஊத்துன. ஒன்னு இங்க இருக்கு. மீதி நாலு எங்க இருக்கு?”

அன்று கெழங்கா மீன் வாங்கி வைத்திருந்தாள். அலசவே இல்லை. முத்தலிப் போனை எடுத்து உட்கார்ந்தார். பிளக்கில் கோளாறு, தண்ணீரில் இறங்காதீர்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். என்ன கோளாறு என்று கேட்டவர்களிடம், பதித்ததே தப்பு என்றார். சாயந்திரத்துக்குள் மூன்று பலகை கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. நான்காவதை வாங்கிய விடுதிக்காரன் வடக்கத்திப் பையன் ஒருவனுக்குக் கைமாற்றிவிட்டிருந்தான். அந்தப் பையன் பலகையோடு கோவாவுக்கோ கேரளாவுக்கோ போய்விட்டான். அவன் போன் எண் வேலை செய்யவில்லை. முத்தலிப் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

வந்த மூன்றையும் அறுத்தார். மூன்றிலும் அதே வெற்றிடம்.

நான் ஊற்றினேன் என்று சொல்லிக்கொள்கிறேன், பேர் என் பேர்தானே, நீ வர வேண்டாம் என்று மறுநாள் காலையில் அவர் கிளம்பும்போது சொன்னார். சுரையா துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்தாள். மடியில் செம்மல் பலகையின் வால்துண்டு, ஒரு துணியில் சுற்றி.

காலாப்பட்டு தாண்டி மேற்கே திரும்பினால் சவுக்குத் தோப்புதான். மழையில் நனைந்த சவுக்கு கறுத்து நின்றது. கோவிந்தசாமி வாசலில் சாக்கு விரித்துக் கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆய்வதற்கு ஒன்றும் இல்லாமலே கை போய்க்கொண்டிருந்தது. செம்மலின் அம்மா செல்வாம்பாள் உள்ளே சுவர் ஓரமாகப் படுத்திருந்தாள்.

முத்தலிப் நின்றபடியே சொன்னார். கட்டித்தான் போனான். பலகையின் தப்பு. நாங்கள் செய்ததில் தப்பு.

கோவிந்தசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க நல்ல மனசு பாய். இவளுக்காவ பழிய உங்க மேல போட்டுக்கறீங்க. நான் உங்கள அப்டியா சொல்லச் சொன்னேன்?”

“இல்லண்ணே, மெய்யாலுமே...”

“உங்க பலகைல தப்பு வருமா? அவன் அடிச்சுச் சொல்வானே. முத்தலிப் பாய் பலகைன்னா யானை கட்டலாம்னுவான்.”

உள்ளேயிருந்து செல்வாம்பாளின் குரல் வந்தது. உரக்கவும் இல்லை, அழுகையும் இல்லை. “அனுப்பிடு அவங்கள. எனுக்கு ஆறுதலு சொல்ல வந்துட்டாங்க.”

முத்தலிப் வால்துண்டைப் பிரித்துக் காட்டினார். உருகிய தோல், வெற்றிடம், துணி பிய்ந்த திசை எல்லாம் சொன்னார். கோவிந்தசாமி தலையாட்டினார். தனக்குப் பழக்கமான தலையாட்டல் அது என்று சுரையாவுக்குத் தெரிந்தது. கேட்காமல் ஆட்டுகிறார்.

அவள் முத்தலிப்பின் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். கொட்டகைக்குப் போய்த் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ரெசின் டப்பா, அதை இறுகவைக்கும் ஹார்டனர், தராசு, இழை, ஒரு தர்மாகோல் கட்டி. கட்டியில் அதே அளவு குழி தோண்டியிருந்தாள். செல்வாம்பாளின் வீட்டு அடுப்பில் வெந்நீர் வைக்கச் சொல்லி, டப்பாவை அதில் இறக்கினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஏதோ மருந்து காய்ச்சுகிறார்கள் என்று நினைத்திருக்கலாம்.

“யக்கா, எழுந்து வாங்க,” என்றாள். “நான் சொன்னா நம்ப வேணாம். கையில புடிச்சுப் பாருங்க.”

செல்வாம்பாள் வந்தாள். எலும்பில் புடவை சுற்றின மாதிரி இருந்தாள். சுரையா எடை போட்டுக் கலந்து, பாதியைக் குழிக்குள் ஒரே ஊற்றாக ஊற்றினாள். மீதியைக் காகிதக் கப்பில் ஊற்றிச் செல்வாம்பாளின் இரண்டு கைக்கு நடுவிலும் வைத்தாள். முதலில் அது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

காத்திருந்தார்கள். பெரிய ரோட்டில் சென்னைப் பஸ்கள் போகும் இரைச்சல் தோப்பு வழியாக வந்துகொண்டிருந்தது. முத்தலிப் வாயைத் திறந்தார். சுரையா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பத்து நிமிஷம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு கப்பின் ஓரம் லேசாகப் புகைந்தது.

“சுடுது,” என்றாள் செல்வாம்பாள்.

“கீழ வச்சிடுங்கக்கா, போதும்.”

அவள் வைக்கவில்லை. கட்டியின் குழியிலிருந்து மெல்லிய சீறல் வந்தது. ரெசின் மெதுவாக, யாரோ கீழிருந்து உறிஞ்சுவது போல, உள்ளே இறங்கிற்று. அன்று சுரையா காலையில் வந்து பார்த்தபோது நடந்து முடிந்திருந்தது, இப்போது கண்ணெதிரே நடந்தது. கப்பு கையில் நெளிந்ததும் கோவிந்தசாமி அதைப் பிடுங்கி மண்ணில் போட்டார். செல்வாம்பாளின் உள்ளங்கை சிவந்திருந்தது.

முத்தலிப் கட்டியை இரண்டாக அறுத்துக் கொடுத்தார். செல்வாம்பாள் விரலை வெற்றிடத்துக்குள் விட்டுச் சுற்றிலும் தடவினாள். பிறகு மகனுடைய பலகையின் வால்துண்டை எடுத்து அதிலும் விரலை விட்டாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

“இத ஊத்துனது யாரு?”

“நான்தான்,” என்றார் முத்தலிப்.

“இல்லக்கா, நான்,” என்றாள் சுரையா. “மூணு தடவ ஊத்தணும்னாரு. நான் ஒரே தடவையா ஊத்திட்டேன்.”

கோவிந்தசாமி சாக்கிலிருந்து எழுந்தார். சுரையா தலையைக் குனிந்து நின்றாள். அடி விழும் என்றுதான் நினைத்தாள். விழுந்தால் நல்லது என்றுகூட இருந்தது. அவர் அவளைத் தாண்டிப் போய், தோப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. போலீசுக்குப் போனாலும் நானே வந்து சொல்கிறேன் அண்ணே என்று முத்தலிப் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

“அப்ப கட்டித்தான் இருந்தான்,” என்றாள் செல்வாம்பாள்.

“கட்டித்தான் இருந்தாருக்கா.”

“திரும்பி வர்றதுக்குத்தான் போயிருக்கான்.”

“ஆமாக்கா.”

அவள் சிவந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மண்ணில் கிடந்த கப்பு ஆறி, கல்லாக இறுகியிருந்தது. அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

“நாளிக்கும் வா, பாயம்மா,” என்றாள். “ஒன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. எம்புள்ளயக் கொன்னவ நீ. ஆனா கையில இது சுடுற வரைக்கும் எனுக்குத் தெரியுது, நான் அனுப்பல, நான் அனுப்பலன்னு. ஆறிச்சுன்னா மறுபடியும் நான்தான்னு தோணுது. தோ, இப்பவே தோணுது. நாளிக்கும் வந்து ஊத்து.”

மறுநாள் சுரையா தனியாகப் போனாள். அதற்கு மறுநாளும். கொட்டகையில் முத்தலிப் பலகை வேலையைத் தொடவில்லை. அந்த வேலை செய்யாத எண்ணைப் போட்டுப் போட்டுக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் காலாப்பட்டு வரைக்கும் மழை முகத்தில் அடித்தது. சுரையா டப்பாவைத் துப்பட்டாவுக்குள் அணைத்துப் பிடித்தபடி ஒற்றைக் கையால் வண்டியைத் தோப்புப் பாதையில் திருப்பினாள். செல்வாம்பாள் வாசலில் நனைந்துகொண்டு நின்றிருந்தாள், இரண்டு கையையும் நீட்டியபடி. உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது.